ஒன்று விட்டு ஒரு சனி

அமிர்தமும் நானும் எட்டு வருஷம் ஒரே கரும்புக் கொல்லையில் ஜோடியாக வேலை செய்தோம். நான் வெட்டிப் போடுவேன். அவள் சோகை என்கிற காய்ந்த தோகையை உரித்துக் கட்டுக் கட்டுவாள். கச்சிராயபாளையத்தில் எங்கள் மேஸ்திரி ஜோடி பார்த்துத்தான் ஆள் சேர்ப்பார். அந்த ஜோடியை நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு நாள் கட்டு அவிழ்ந்து விழுந்ததற்காகப் பத்துப் பேர் முன்னால் அவள் மேல் கையை ஓங்கி அடித்தேன். தலைச் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் ஐந்து வயசு மகள் பூமாலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மணலூர்பேட்டையில் இருக்கும் தம்பி ஆதிமூலம் வீட்டுக்குப் போனவள்தான்.

ஊரில் நாலு பேர் உட்கார்ந்து துரும்பு கிள்ளிப் போட்டு எங்களை அத்துவிட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கு அந்தத் துரும்பு போதும். பிள்ளைக்கு அது பத்தவில்லை. யாரிடம் வளர்வது, யார் எப்போது பார்ப்பது என்று பேச்சு வளர்ந்து கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனது. பிள்ளை தாயோடு இருக்கட்டும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை பத்திலிருந்து நாலு வரை தகப்பன் வைத்துக்கொள்ளட்டும், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வக்கீல் குமாஸ்தா வாசித்துச் சொன்னார். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. ஒன்று விட்டு ஒரு சனி என்று மனதில் முடிந்துகொண்டேன்.

எங்களுக்குச் சனி, ஞாயிறு எல்லாம் ஒன்றுதான். கரும்பு வெட்டுக்கு விடுமுறை அமாவாசை மட்டும். அன்றைக்கு யாரும் கத்தியைத் தொட மாட்டோம். அதனால் சனிக்கிழமையை நினைவு வைக்கவே எனக்குப் பெரும்பாடு.

டிசம்பரில் இரண்டு முறை, ஜனவரியில் இரண்டு முறை ஒழுங்காக நடந்தது. பூமாலையைக் கோமுகி அணைக்குக் கூட்டிப்போவேன். அணைக்குப் பின்னால் கல்வராயன் மலை தெரியும். மலைக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்தால் அதில் ஏற வேண்டும் என்பாள். நாலு மணிக்கு மட்டும் என் விரலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அமிர்தம் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டிப்போவாள்.

பிப்ரவரி பிறந்தது. முதல் சனியன்று பஸ் ஸ்டாண்டில் பத்து மணிக்குப் போய் நின்றேன். அவர்கள் வரவில்லை. நாலு மணி வரைக்கும் நின்றேன். கையில் வைத்திருந்த கரும்புத் துண்டு காய்ந்துபோனது. ஒரு வாரம் விட்டு மறுபடி போனேன். அன்றும் வரவில்லை. மார்ச்சிலும் அதே மாதிரி இரண்டு சனி. மேஸ்திரி கேட்டார்.

"இன்னா கொளஞ்சி, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தா கரும்பு தானா வெட்டிக்கினு லாரியில ஏறிக்குமா?"

மனசுக்குள் அமிர்தத்தைத்தான் வைதேன். பிள்ளையை மறைக்கிறாள் என்று நினைத்தேன். அடித்த கைக்கு இது தண்டனை என்றும் நினைத்தேன்.

ஏப்ரலில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. நான் நாலு முறை வராமல் பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் காக்க வைத்துவிட்டேனாம். அதனால் இனி எனக்குப் பிள்ளையைக் காட்டக் கூடாது என்று அமிர்தம் மனு போட்டிருந்தாள். அந்தக் காகிதத்தை மேஸ்திரி படித்துச் சொன்னார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

கோர்ட்டு வராந்தாவில் ஆதிமூலம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமா, இன்னிக்கு வழி தெரிஞ்சுதா? நாலு தபா எங்க பூட்ட?"

"நான் வந்தேன்டா. உங்கக்கா வரல."

"ஆமா, நாங்க சினிமா பாக்கப் போனோம்."

அமிர்தம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜட்ஜம்மா என்னைக் கேட்டார். "குழந்தை வெயில்ல நின்னு அழுதிருக்கு. ஏன் வரல?"

"வந்தேம்மா. நாலு தபாவும் வந்தேன். அவங்கதான் வரல."

"பொய் சொல்லாதீங்க."

நான் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். எதற்காகப் பத்திரப்படுத்தினேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளையைப் பார்க்கப் போன நாள் என்று தூக்கிப்போட மனசு வரவில்லை. ஜட்ஜம்மா ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்த்தார்.

"பிப்ரவரி அஞ்சு, பத்தொம்பது. மார்ச் அஞ்சு, பத்தொம்பது. அம்மா, நீங்க எப்போ வந்தீங்க?"

அமிர்தம் சொன்னாள். "பன்னெண்டு, இருபத்தாறுங்க. ரெண்டு மாசமும் அதே தேதிதான். புள்ள பள்ளிக்கூடத்து காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்குது."

குமாஸ்தா சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஜட்ஜம்மா விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உத்தரவுல இருக்கறது மாசத்துல ரெண்டாவது சனி, நாலாவது சனி. கொளஞ்சி, நீங்க ஒண்ணு விட்டு ஒண்ணுன்னு வந்திருக்கீங்க. ஜனவரியில அஞ்சு சனி வந்துடுச்சு. அங்கேயே தப்பிப்போச்சு. அம்மா, இவர் வந்த வாரம் நீங்க இல்ல, நீங்க வந்த வாரம் இவர் இல்ல."

நாலு முறை நான் நின்ற அதே கம்பத்தடியில் என் பிள்ளையும் நாலு முறை நின்றிருக்கிறது. எனக்குக் காலண்டர் பார்க்கத் தெரிந்திருந்தால் அது நின்றிருக்காது.

அமிர்தம் மெதுவாக எழுந்தாள். "அம்மா, மனு வாணாங்க."

"யக்கா, குந்து" என்றான் ஆதிமூலம்.

"நீ சும்மா இருடா." அவள் ஜட்ஜம்மாவைப் பார்த்தே பேசினாள். "கரும்பு வெட்டுறவங்களுக்கு சனிக்கெழமை தெரியாதுங்க. நானும் எட்டு வருசம் வெட்டுல இருந்தவதான். அமாவாசைன்னு எழுதுங்க. அது இவருக்குத் தப்பாது. வெட்டுல இருக்கற ஆளுங்க யாருக்கும் தப்பாது."

ஜட்ஜம்மா யோசித்தார். "அமாவாசை பள்ளிக்கூட நாள்ல வந்தா?"

"அதுக்கு அடுத்து வர ஞாயித்துக்கெழமைங்க. பவுர்ணமிக்கும் அதே மாதிரி. ரெண்டு தபா ஆச்சு."

"ஞாயிறு அன்னிக்கே அமாவாசை வந்தா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"அன்னிக்கே வர வேண்டியதுதான்" என்று நான் சொன்னேன். கோர்ட்டுக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான், அதுவும் குமாஸ்தா வழியாக.

ஜட்ஜம்மா அப்படியே எழுதினார். வெளியே வந்தபோது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்று கொல்லையில் நடந்ததற்கு ஒரு வார்த்தை. அதற்குள் அவளே சொன்னாள்.

"காலண்டர் பாக்கக் கத்துக்கோ. எல்லா தபாவும் கோர்ட்டு எண்ணிச் சொல்லாது."

அந்த வாரமே மேஸ்திரி மகளிடம் உட்கார்ந்தேன். முதலில் எண், பிறகு கிழமை, அதன் பிறகு எழுத்து. கத்தி பிடித்துக் காய்ப்பு ஏறிய விரலுக்குப் பென்சில் நழுவியது. அந்தப் பெண் சிரித்தாலும் விடவில்லை.

முதல் அமாவாசை கழிந்த ஞாயிறன்று ஒன்பது மணிக்கே கம்பத்தடியில் நின்றேன். பத்துக்கு மணலூர்பேட்டை பஸ் வந்தது. அமிர்தம் இறங்கி, பூமாலையையும் ஒரு தூக்குவாளியையும் என்னிடம் தந்தாள்.

"சோறு இருக்குது. காரம் கம்மி."

பூமாலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று மாதத்துக் கோபம் அவளுக்கு.

"ஏம்பா மூஞ்சி கறுப்பா இருக்குது?"

"நேத்து எரிச்ச கரும்பு வெட்டுனேன். கரி கழுவியும் போவல."

"நான் தேச்சி உடறேன்" என்று தாவணித் துணியில் தைத்த தன் பாவாடை நுனியை எச்சில் தொட்டு என் கன்னத்தில் தேய்த்தாள். அன்றைக்கு மலை பஸ்ஸில் ஏறினோம். முதல் ஏற்றம் வரைக்கும் போய்த் திரும்பினோம். வளைவு வந்தபோதெல்லாம் என் மேல் சாய்ந்து சிரித்தாள்.

நாலு மணிக்கு அமிர்தம் நின்றுகொண்டிருந்தாள். பூமாலை என் விரலைப் பிடித்தாள். இப்போது அழப்போகிறது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"அடுத்தது நெலா ரவுண்டா ஆன அப்புறம் வர ஞாயித்துக்கெழமதான?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நான் தெனமும் பாத்துக்கினே இருப்பேன். நீயும் பாரு. தப்பா எண்ணாத."

விரலைத் தானே விட்டாள். ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். அமிர்தம் ஏறும்போது தூக்குவாளியைத் திறந்து பார்த்து, மிச்சமில்லை என்று தெரிந்து மூடினாள்.

பஸ் நகர்ந்தது. பிள்ளை அழவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே போனது.