கட்டிலின் இடப்பக்கம்

"அவ பேர இந்த வூட்ல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் கீறேனா இல்லியா?"

"எடுக்கலீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான்..."

"அவளப் பத்தி இல்லாம வேற இன்னா கேக்கப் போற நீ? மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக் கீதே."

"கேட்டுட்டு, வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க."

"நாளைக்கிக் கேளு. இன்னிக்கித் தல ரொம்ப கனமா கீது."

ஒன்பது மாதங்களாக, கணவரோடு நடந்த இந்தப் பேச்சை வெள்ளையம்மாள் மனதுக்குள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். அது நடந்த மறுநாள் காலை, பல் விளக்கப் போன அவள் கணவர் பாண்டுரங்கன் கிணற்றடியிலேயே சரிந்து விழுந்தார். விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் ஒரு நாள்கூட லீவு எடுக்காத குமாஸ்தா அவர். தூக்கி வந்து கட்டிலில் கிடத்தியபோது இடது கையும் இடது காலும் துணி மூட்டை மாதிரி தொங்கின. வாய் ஒரு வாரம் கோணி, பிறகு நேரானது. பேச்சு நன்றாகவே வந்தது. கேட்கப்படாமல் போனது அவள் கேள்வி மட்டும்தான்.

கேள்வி பெரியதல்ல. அவர்களுடைய ஒரே மகள் அம்சா, இரண்டு வருஷங்களுக்கு முன், கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் நினைத்திருந்த அத்தை மகனை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் திண்டிவனத்தில் வாத்தியாராக இருக்கும் தேவசகாயத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றோடு வீட்டுக்கதவு அவளுக்குச் சாத்தப்பட்டது. ஆடி மாதம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாளாம். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரலாமா? வெள்ளையம்மாள் கேட்க நினைத்தது அவ்வளவுதான்.

உடம்பு தேறட்டும் என்று முதலில் காத்திருந்தாள். மனதைக் கலக்கும் சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால் தேறிய பிறகுதான் அவளுக்குப் பயம் அதிகமானது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பணிவிடைக்கென்று வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா லட்சுமியம்மாளோடு மணிக்கணக்காகப் பேசுவார். வெள்ளையம்மாள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தால் முகம் மறுபக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். "என்னங்க" என்று கூப்பிட்டால், கூப்பிட்டது எதிர்ப்பக்க முக்காலியில் இருக்கும் அக்காதான் என்பதுபோல் அந்தப் பக்கமே பார்ப்பார். சாப்பாட்டிலும் அப்படித்தான். அவருக்குப் பிடிக்குமே என்று வேர்க்கடலையை வறுத்து அரைத்து வைத்த மல்லாட்டைத் துவையல் இலையின் இடது மூலையில் தொடாமல் கிடக்கும். சோற்றிலேயே பாதியை ஒதுக்கிவிட்டு, "அவ்ளோதானா?" என்பார்.

"ஒன் கை பதம் அவனுக்கு எறங்கல போலக் கீதுடியம்மா," என்பாள் லட்சுமியம்மாள். "பொண்ண வளத்த லட்சணத்த நெனச்சா எனக்கே எறங்கல."

தன் மகனுக்கு வர வேண்டிய மருமகள் கை நழுவிப் போன ஆற்றாமை அது. வெள்ளையம்மாள் இலையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தான் கேட்கப் போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் அதற்குப் பதில் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அம்சாவுக்கு ஏழாவது மாதம் வந்தது. வளைகாப்புக்கென்று பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி, அந்த ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினாள். ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் திண்டிவனம். அவரைக் கேட்காமல் தான் போகவில்லை. தை மாதம் மருமகனிடமிருந்து கார்டு வந்தது: "பெண் குழந்தை. இருவரும் சுகம்." அடுப்படியில் நின்று படித்தாள். மகளுக்கு வலி எடுத்தபோது யார் இடுப்பைப் பிடித்துவிட்டார்களோ, பத்தியச் சோறு யார் வடித்துப் போட்டார்களோ என்று நினைத்து நினைத்து, அன்று ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

பங்குனிக் கடைசியில், யுத்தத்தில் குண்டு விழும் பயத்தில் மெட்ராஸ் பட்டணமே காலியாகி வந்துகொண்டிருந்தது. அப்படி விழுப்புரத்து உறவினர் வீட்டுக்கு வந்தவர்தான் டாக்டர் சுப்பராயலு. பக்கத்துத் தெரு. கேள்விப்பட்டு ஒரு நாள் காலை எட்டிப் பார்த்தார்.

பாண்டுரங்கன் பேப்பரை வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார்.

"பேஜாரா கீதுங்க டாக்டர். 'மீது குண்டு வீச்சு'ன்னு போட்டுக் கீறான். எதும் மேலன்னு போடல பாருங்க! இத வித்துப் பொழைக்கிறான்."

"தெனம் இதே பாட்டுதான்," என்று லட்சுமியம்மாள் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேப்பரை எடுத்து வலப்பக்கம் நன்றாகத் தள்ளிப் பிடித்தார். "இப்பப் படிங்க."

"விசாகப்பட்டினம் மீது குண்டு வீச்சு." பாண்டுரங்கன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இது வேற பேப்பரா?"

டாக்டர் கைக்கடியாரத்தைக் கழற்றி அவருக்கு இடப்பக்கமாகத் தூக்கிக் காட்டினார். அவர் கவனிக்கவில்லை. மெல்ல வலப்பக்கம் கொண்டுவந்ததும், "கடியாரம் நல்லாக் கீதே, சீமைச் சரக்கா?" என்றார்.

வாசற்படிவரை வந்து டாக்டர் மெதுவாகச் சொன்னார். "கண்ணுல கோளாறு இல்லம்மா. மெட்ராஸ்ல படிக்கிறப்ப இந்த மாதிரி ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே இவங்க நெனப்புல வராது. அங்கே சோறு இருந்தாலும் சரி, ஆள் இருந்தாலும் சரி. வேணும்னு பண்றதில்லை. வலது பக்கம் இருந்து பேச்சுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் நகர்ந்து கூப்பிட்டுப் பழக்கணும். நாள் ஆகும். ஆமாம், நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க?"

வெள்ளையம்மாள் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "இடது பக்கந்தாங்க."

வேறு எங்கே உட்காருவாள்? தாலி ஏறியதும் அவரது இடப்பக்கம் அழைத்து உட்கார வைத்தார்கள். கோயிலிலும் ரயிலிலும் இருபத்திரண்டு வருஷமாக அதுவே அவள் இடம். அவர் விழுந்த பிறகு, அந்த இடத்தை விடாமல் இருப்பதுதான் அவர் உயிரைக் காப்பதுபோல் இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள். ஒருநாள், ஒரே ஒருநாள், கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தால்!

உள்ளே வந்தபோது லட்சுமியம்மாள் முக்காலியை விட்டு எழுந்து நின்றாள். டாக்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"இங்க வந்து உக்காரு," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் அடுப்பப் பாக்கறேன்."

"இருக்கட்டும் அண்ணி."

"உக்காருன்றேன்ல!"

வெள்ளையம்மாள் முதல் தடவையாக வலப்பக்கம் உட்கார்ந்தாள். பாண்டுரங்கன் அவளை நேராகப் பார்த்தார். தாடையில் நரைத்த முள்முடி. கண்களில் கோபம் இல்லை, கொஞ்சம் மனக்குறைதான் இருந்தது.

"இன்னா, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா? தண்ணி செம்ப வெக்கற, போயிடற. கை காலு வுழுந்தவன் பக்கத்துல இன்னாத்துக்கு உக்காரணும்னு இருந்துட்டியா?"

"தெனம் உக்காந்துக்கினுதாங்க இருந்தேன்."

"எங்க?"

"அந்தப் பக்கம்."

அவர் தலையைத் திருப்பப் பார்த்தார். கழுத்து நடுவரை போய் நின்றுவிட்டது. அதற்கப்பால் ஒரு பக்கம் இருப்பதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாத குழந்தையைப்போல் மறுபடி அவளிடமே திரும்பினார்.

"நெசமாவா?"

"நெசந்தாங்க."

அவர் வலது கையால் அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ கோவமா கீறன்னு நெனச்சிட்டேன்டி," என்றார்.

நானும் அப்படித்தான் நெனச்சேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். ஒன்பது மாதத்தில் போனது போனதுதான். மகளின் வயிறு நிறைந்து இருந்ததை இனி அவள் பார்க்கப் போவதில்லை. அடுப்படியில் லட்சுமியம்மாள் பாத்திரத்தை உருட்டும் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் வெள்ளையம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அம்சாவுக்குப் பொண்ணு பொறந்து மூணு மாசமாவுதுங்க. தலைப்பிரசவத்துக்கு இங்க வரட்டுமான்னு கேக்கத்தான் அன்னிக்கி வந்தேன். அது போயிடிச்சி. இப்பவாவது நான் திண்டிவனம் போயி, அவளையும் கொழந்தையையும் நம்ம வூட்டுக்கு இட்டுக்கினு வரட்டுமா?"