ஒரே ஒரு இடம்

மட்பாண்ட வகுப்புக்குத் தானும் வருவதாக அக்கா சொன்னதிலிருந்து அவளை எப்படித் தவிர்ப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா தையல்காரி. யாரைப் பார்த்தாலும் சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள். என் ஆபீஸ் தோழிகள் முன்னால் ஒருமுறை மானம் போனது போதும்.

மூன்று வகுப்புகளைப் போய்ப் பார்த்தேன். நல்ல வகுப்பு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அக்கா வந்து எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய, சைக்கிள் கடை மாடி வகுப்பில் சேர்ந்தேன்.

"ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சுக்கா."

"போனா போகுதுடி. நீ கத்துக்கிட்டு வந்து எனக்குச் சொல்லிக் கொடு."

முதல் நாள் எட்டுச் சக்கரங்களில் நான்கு சும்மா கிடந்தன. நான் களிமண்ணைப் பிசையும்போது ஆசிரியை கேட்டார்: "அக்கா வரலையா? முந்தாநாள் போன் பண்ணாங்களே."

என் கை நின்றுவிட்டது. "என்ன கேட்டாங்க?"

"யாராவது நின்னுட்டா தனக்கு இடம் கிடைக்குமான்னாங்க. நாலு இடம் காலியா இருக்கே, வாங்கன்னேன். நாலு இடமான்னு திருப்பிக் கேட்டாங்க. அப்புறம், தங்கச்சிகிட்ட சொல்லாதீங்கன்னு..." ஆசிரியை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன். உடுப்பில் மண் படாமலிருக்க நான் கட்டியிருந்த ஏப்ரன், நேற்று அக்கா உட்கார்ந்து தைத்தது.

வீட்டுக்கு வந்து, "அக்கா, நான்..." என்றேன்.

"நகமெல்லாம் மண்ணு. கை கழுவிட்டு வந்து சாப்பிடு," என்றாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.