பதினோரு முறை போனவன்

முப்பத்தொரு வருஷம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்தை மொழிபெயர்த்தவன் நான். எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் அளவு எழுத்து, பிரித்தால் இரண்டு பேர் போர்த்திக்கொள்ளும் அளவு காகிதம், அதேதான். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற ஒரு வாக்கியத்தை நான் எழுதிய தடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு ஏணி போடலாம். அத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் படித்து ஒரு ஆள் சிரித்ததில்லை. பக்க விளைவுகளின் பட்டியலைப் படித்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவனை என் மகள் ஒரு சிரிப்பு நிகழ்ச்சிக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டாள் என்றால், அவள் எந்த இக்கட்டில் இருந்திருக்க வேண்டும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறொரு நாட்டில் பதினேழு வருஷமாகச் சக்கைப்போடு போடும் நிகழ்ச்சி அது. வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒரு மணி நேரம், நேரடி ஒளிபரப்பு. எதிரே இருநூறு பேர் உட்கார்ந்திருக்க, சின்னச் சின்ன நாடகத் துணுக்குகளாக நடித்துக்கொண்டே போவார்கள். வாய் தவறினால் தவறியதுதான், வெட்டி ஒட்ட வழியில்லை. அதை இங்கே நம் மொழியில் நடத்தும் உரிமையை என் மகள் வாங்கியிருந்தாள். அதற்காக, ஒரு ஆபீசின் மூன்றாவது மாடியில் இருந்த நிரந்தர வேலையையும் விட்டிருந்தாள்.

உரிமையோடு ஒரு விதிப் புத்தகம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதைத் தூக்கியதில் எனக்கு எட்டு நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள்தான் என்பாள் என் மனைவி. அவளுக்கு எண்கள் எப்போதுமே சுருங்கித்தான் தெரியும்.

புத்தகத்துக்குப் பின்னாலேயே, நிகழ்ச்சியின் சொந்தக்காரர்கள் அனுப்பிய ஒரு அம்மாளும் விமானத்தில் வந்து இறங்கினார். உயரமான, எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு அப்போதுதான் கீழே வைத்தது போன்ற முகம். வலது கையில் கட்டைவிரலால் அமுக்குகிற ஒரு எண்ணும் கருவி. சபை ஒரு தடவை சிரித்தால் ஒரு கிளிக். முதல் நிகழ்ச்சியில் எண்பது கிளிக் வந்தாக வேண்டும். வராவிட்டால் 'இவர்களுக்கு இது ஒத்துவராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உரிமையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று விதி. வந்த அரை மணி நேரத்தில் ஸ்டூடியோவில் எல்லாரும் அவருக்குக் கிளிக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"அப்பா, இது போச்சுன்னா நான் மறுபடியும் அந்த மூணாவது மாடிக்கே போகணும்," என்றாள் மகள். "அதே நாற்காலி. அதே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அதே தண்ணித் தொட்டி."

"தண்ணித் தொட்டி நல்லதுதானே கண்ணு, குளிர்ச்சியா இருக்கும்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆறு மாதமாகவே அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. சிரிப்பு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் இருப்பார்களோ என்னவோ.

என் முதல் மொழிபெயர்ப்பு வாசித்துக் காட்டப்பட்டபோது அறையில் ஒரு மரியாதையான அமைதி நிலவியது. நடிகர்களில் குண்டூசி என்று ஒருவன். தலை மட்டும் உருண்டை, கீழே எல்லாம் கம்பி. அவன் மெதுவாகக் கேட்டான்: "சார், இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லணுமா, பின்னாடி சொல்லணுமா?"

பக்கத்தில் இருந்தவர் டீச்சர். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு நடிக்க வந்தவர். என் காகிதத்தைப் பிடுங்கிச் சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தார். கடைசியில் மதிப்பெண்ணும் போட்டார். அது எவ்வளவு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று, நாங்கள் வேலை கற்றுக்கொண்டோம். லிஃப்டுக்குள் நாலு பேர் ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் நெளிகிற துணுக்கு ஒன்று இருந்தது. நம்மிடம் அது எடுபடுமா? நம் ஆட்கள் இரண்டாவது மாடி வருவதற்குள் வாடகை எவ்வளவு, பையனுக்கு வேலை கிடைத்ததா, முழங்கால் வலிக்கு யாரிடம் காட்டுகிறீர்கள் என்று முடித்துவிடுவார்கள். அதனால் திருப்பிப் போட்டோம். எதுவுமே கேட்காமல் ஒருவன் லிஃப்டில் நிற்கிறான். மற்ற மூவரும் அவனைத் திருடன் என்று பிடித்துக் கொடுக்கிறார்கள். ஒத்திகையில் விளக்குக்காரர் ஏணியிலிருந்து விழப் பார்த்தார்.

தகராறு கடைசித் துணுக்கில்தான் வந்தது. அந்த நிகழ்ச்சிக்கே அடையாளம் அது. ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி 'போகிறேன்' என்கிறான். போகவில்லை. மறுபடியும் 'போகிறேன்' என்கிறான். எழுந்திருக்கவே இல்லை. இப்படிப் பதினோரு முறை. இதில் ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஒத்திகையில் நடித்துக் காட்டினார்கள். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

"என்னங்க, யாருக்கும் சிரிப்பே வரலையா?" என்று மகள் கேட்டாள்.

விளக்குக்காரர் தலையைச் சொறிந்தார். "எங்க பெரியப்பா போன ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பறேன்னாரு. எட்டு மணிக்குச் சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. இதுல சிரிக்க என்னம்மா இருக்கு? பாவம், பெரியவரு."

நான் கிளிக்கம்மாவிடம் போய் அவர் மொழியில் விசாரித்தேன். "எங்கள் நாட்டில் 'போகிறேன்' என்று சொன்னவர் பத்து விநாடிக்குள் கதவுக்கு வெளியே இருப்பார்," என்றார் அவர். "இல்லாவிட்டால் அது பயங்கரமான நகைச்சுவை." சொல்லும்போதும் அவர் முகத்தில் எலுமிச்சை அப்படியே இருந்தது.

குண்டூசிக்கு இன்னொரு கஷ்டம். "சார், 'போறேன்'னு வாயில வரமாட்டேங்குது சார். 'போயிட்டு வரேன்'னு வச்சுக்கலாமே? வெளியே கிளம்பறப்ப 'போறேன்'னு சொன்னா எங்கம்மா வாயிலேயே போடும்."

"முடியாது," என்றேன். முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம் அப்படி. மருந்துக் காகிதத்தில் ஒரு வார்த்தை கூடினால் ஒரு ஆள் குறைந்துபோவான். "மூலத்துல என்ன இருக்கோ அதுதான். அவங்க 'வரேன்'னு சொல்லவே இல்லையே."

"அப்பா," என்று மகள் ஆரம்பித்தாள்.

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம்!" என்றேன் நான்.

அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை, உலகத்தில் உள்ள மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரும் வெட்கப்பட வேண்டிய பார்வை. நான் மட்டும் படவில்லை. நியாயம் என் பக்கம் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் மகள் பக்கம் இருந்தார்கள்.

முதல் நிகழ்ச்சி நாளும் வந்தது. சபைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நானும் கிளிக்கம்மாவும். மேடையில் பேசுவதை நான் உடனுக்குடன் அவர் காதில் சொல்ல வேண்டும். மகள் மேடையோரம் நின்று, கையில் இருந்த காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டிக் குச்சியாக்கிவிட்டாள்.

முதல் துணுக்கு, கிளிக். இரண்டாவது, கிளிக், கிளிக். லிஃப்டுத் திருடனுக்கு மட்டும் பதினாறு கிளிக். ஆனால் கடைசித் துணுக்கு தொடங்கியபோது நான் எட்டிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று. பாக்கி இருபத்தேழு. வரப்போவதோ ஒருவருக்கும் சிரிப்பு வராத துணுக்கு. மூன்றாவது மாடியில் அந்தத் தண்ணீர்த் தொட்டி என் மகளுக்காக நிரம்பிக்கொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

மேடையில் டீச்சர்தான் வீட்டுக்காரி. குண்டூசி நாற்காலியில். அவன் வாயைத் திறந்தான். "சரிங்க, நான் போ..."

அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று நானும் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு, குண்டூசியின் அம்மா. மகனின் முதல் நிகழ்ச்சி, பார்க்க வந்திருக்கிறார். கண்ணை எடுக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"...போயிட்டு வரேன்," என்று முடித்தான் குண்டூசி.

நான் தலையில் கை வைத்தேன். ஆனால் டீச்சர் இருபது வருஷம் நாற்பது பிள்ளைகளைச் சமாளித்தவர் அல்லவா.

"போங்க," என்றார். "வரதெல்லாம் எதுக்கு? போயிட்டே இருங்க."

குண்டூசி எழுந்தான். விதிப்படி எழுந்திருக்கவே கூடாது. எழுந்தான், கதவைத் திறந்தான், போனான், சாத்தினான். டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். கதவு திறந்தது.

"வந்துட்டேன்," என்றான் குண்டூசி.

"எதுக்கு?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன்ல? போயிட்டேன். வந்துட்டேன். சொன்ன சொல்லு தவறமாட்டேங்க."

கூரை பறந்தது. நான் மிகைப்படுத்தவில்லை, ஒரு ஓடு நகர்ந்ததை நானே பார்த்தேன்.

"என்ன சொன்னார்? புத்தகத்தில் இது இல்லையே!" என்று கிளிக்கம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பொய் எனக்குக் கைவந்த கலைதான். ஆனால் மொழிபெயர்ப்பில் நான் பொய் சொன்னதில்லை. "எங்கள் மொழியில் 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால், இனி வரவே மாட்டேன் என்பதுபோல் ஆகிவிடும்," என்றேன். "அதைச் சொல்ல வாய் வராது. மறுபடியும் வருகிற எண்ணம் உள்ளவன் 'போய்விட்டு வருகிறேன்' என்பான்."

அவர் மேடையைப் பார்த்தார். குண்டூசி இரண்டாம் முறையும் போய், திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"அப்படியானால், நீங்கள் விடைபெறுவதே ஒரு மிரட்டலா?" என்றார். அப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய இரும்புக் கதவு திறக்கிற மாதிரி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை போன இடம் தெரியவில்லை.

ஒன்பது, பத்து என்று போய் வந்தான் குண்டூசி. டீச்சர் கதவில் சாய்ந்துகொண்டு கெஞ்சினார். "ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன். 'போறேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குண்டூசி மூன்றாவது வரிசையைப் பார்த்தான். "ஐயையோ, சொல்லக் கூடாதுங்க. எங்கம்மா வையும்."

"சொல்லாதடா!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. இருநூறு பேரில் நூற்றுத் தொண்ணூறு பேர் நாற்காலியிலிருந்து வழுக்கிவிட்டார்கள். பாக்கிப் பத்துப் பேர் அவர்களுக்கு அடியில் இருந்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து, ஒப்பனை அறையில் எல்லாரும் சுவரோடு சுவராக நின்றோம். கிளிக்கம்மா வந்து கருவியை மேஜைமேல் வைத்தார். ஐம்பத்து நான்கு.

கடைசித் துணுக்குக்கு ஒரே ஒரு கிளிக். மகள் அந்த எண்ணைப் பார்த்தாள். குண்டூசி தன் காலைப் பார்த்தான்.

"நான் அமுக்க மறந்துவிட்டேன்," என்றார் கிளிக்கம்மா, நான் மொழிபெயர்க்க. "எண்ண வந்தவரே சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று விதி எதுவும் இல்லை. ஆகவே இன்று எனக்குக் கணக்கு இல்லை." இவ்வளவுதான் சொன்னார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. கோட்டை மாட்டினார். குடையை எடுத்தார். கதவுப் பிடியில் கை வைத்து, என் பக்கம் திரும்பி, அந்த வார்த்தையை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உதட்டை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் மகளின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்: "போ-யிட்டு... வ-ரேன்."

கதவு சாத்திக்கொண்டது.

"அப்பா," என்றாள் மகள் மெல்ல, "அர்த்தம் தெரிஞ்சுதான் சொன்னாங்களா?"

"நான்தானே சொல்லிக்கொடுத்தேன் கண்ணு. வரமாட்டேங்கறவங்க அதைச் சொல்லமாட்டாங்கன்னு."

மகள் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்போது கதவு திறந்தது. கிளிக்கம்மாவின் தலை மட்டும் உள்ளே வந்தது.

எண்ணும் கருவியை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, குண்டூசியின் அதே குரலில் "வந்துட்டேன்!" என்றார்.

என் மகள் சிரித்தாள். ஆறு மாதச் சிரிப்பு, சேர்த்து வைத்தது. கண்ணில் தண்ணீர் வர, டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு, விக்கி விக்கிச் சிரித்தாள். கிளிக்கம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் அசைந்தது. கிளிக்.

"ஐம்பத்தைந்து," என்றார். "மீதியை அடுத்த வாரம் எண்ணிக்கொள்கிறேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை நீங்களே புதிதாக எழுதி அனுப்புங்கள்."

எழுதினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மூலத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். ஒரு ஆளும் குறைந்துபோகவில்லை.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்க, நான் டிவியில பார்த்தேன். அவன் ஏழு தடவைதான் போனான்," என்றாள்.

அது கிடக்கட்டும். அன்று ஸ்டூடியோவில் கடைசியாக, குண்டூசியின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எங்கள் எல்லாரிடமும் "சரிப்பா, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இருபது பேர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றோம்.

அவர் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.