கிதாருக்குப் பின்னால்

டெட்ராய்ட்டின் மேற்குப் பகுதியில், காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் சலவைக் கடையில் வெர்னெல் தன் சட்டைகள் காய்வதற்காக உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்திரண்டு. மனைவி போய் ஆறு வருடம். வாரம் முழுக்க அவர் பேசும் பேச்சில் பாதி இந்தக் கடையில்தான். அதுவும் பெரும்பாலும் பனியைப் பற்றியதாக இருக்கும்.

அன்று ரேடியோவில் அந்தப் பழைய பாட்டு வந்தது. பக்கத்து மேசையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த டெலோரிஸ், பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், கூடவே முணுமுணுத்தாள். வெர்னெல் சும்மா இருந்திருக்கலாம்.

"இதுல வைப்ரஃபோன் வாசிச்சது நான்தாம்மா."

"என்ன சார், துணி காயறதுக்குள்ள கதை விடுறீங்களா?" என்று அவள் சிரித்தாள். ஆனாலும் விரிப்பை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அதற்குள் அவளுடைய இயந்திரம் நின்று அலறியது. பாட்டும் முடிந்துவிட்டது. தனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லையே என்றாள், மனம் நோகாதபடி.

கேட்காதுதான். முப்பது வருடத்துக்கு முன்பு, ஒலிப்பதிவின்போது, வைப்ரஃபோனில் நாதத்தை அலைய வைக்கும் மோட்டாரை நிறுத்தச் சொன்னார் தயாரிப்பாளர். கோல்களின் முனையில் இன்னும் நூல் சுற்றி, கிதார் வாசிக்கும் அதே சுரங்களை அதே நொடியில் அலுமினியப் பட்டைகளில் தட்ட வேண்டும் என்றார்.

"நீ இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாது வெர்னெல். ஆனா நீ இல்லேன்னா பாட்டு வெறிச்சுன்னு இருக்கணும்."

பதினோராவது முறை சரியாக வந்தது. இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. அப்படி இருநூறு பாட்டுகளாவது வாசித்திருப்பார்.

அடுத்த வாரம் டெலோரிஸ் அவரைத் தேடிக்கொண்டே வந்தாள். மகனுடைய ஹெட்ஃபோனை வாங்கி நான்கு தரம் கேட்டாளாம்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். ஆரம்பத்துல டிங் டிங்னு, பனிக்கட்டி உடையற மாதிரி. அதானே நீங்க?"

அது வெர்னெல் இல்லை. அது குளோக்கன்ஸ்பீல், சின்ன எஃகுப் பட்டைகள் கொண்ட வாத்தியம். நெருக்கடியான அந்த ஒலிப்பதிவு அறையில் முழங்கை இடிக்க அவர் பக்கத்தில் நின்று அதை வாசித்தவன் ஆர்டெல். இறந்து பல வருடமாகிறது. ஆனால் டெலோரிஸின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆமாம்மா, அதேதான்," என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் சொன்னாள். துணி போட வந்த இரண்டு பெண்களிடமும் சொன்னாள். அவர்கள் கேட்டதற்காக, ஆர்டெல்லின் அந்த இரண்டு தட்டலை மேசை விளிம்பில் விரலால் தட்டிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்காக யாராவது கைதட்டி எத்தனையோ காலமாகிவிட்டது.

துணிப்பையோடு வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் குளிரிலும் காது சுட்டது. ஆர்டெல்லின் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிடலாமா என்று நினைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் வைப்ரஃபோனின் மேல் கிடந்த போர்வையை எடுத்தார். இசைத்தட்டைச் சுழலவிட்டு, மோட்டாரைப் போடாமல், கிதாரோடு சேர்ந்து கடைசிவரை வாசித்தார். கை இன்னும் பிசகவில்லை. அவ்வளவு சரியாகப் பொருந்தியதால், தான் வாசித்தது அவருக்கே தனியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வியாழக்கிழமை காலையில், கடை திறந்ததும் போய்த் துவைத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை.