மாம்பலத்தில் ஒரு மேடு

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க சொல்லிச் சொல்லித்தான் இப்போ ஆட்டோல உக்காந்திண்டிருக்கோம்."

"விமானம் வரதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானா இல்லையா? அதைப் படிச்சுட்டு நாலு பேருக்கு எச்சரிக்கை..."

"போட்டிருந்தான். தாழப் பறக்கும், பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்னும் போட்டிருந்தான். நீங்க அச்சப்பட்டேள். தெருவையே அச்சப்பட வெச்சேள்."

"மெதுவாப் பேசு. டிரைவர் கேக்கறார்."

"கேக்கட்டும். தெரு முழுக்கக் கேட்டாச்சு, இவர் ஒருத்தர் பாக்கியா?"

வெங்கடரமணன் வெளியே பார்த்தார். துரைசாமி சுரங்கப்பாதையின் ஈரச் சுவர்தான் தெரிந்தது. மடியில் குடியிருப்போர் சங்கத்தின் ஃபைல். அவர்தான் சங்கச் செயலாளர், ஒன்பது வருஷமாக. வேறு யாரும் முன்வராததால்தான் என்பது மனைவி சூடாமணியின் கட்சி.

விஷயம் இதுதான். மேற்கு மாம்பலத்தில் அவர்கள் தெரு ஒரு பள்ளம். போன வருஷ மழையில் முழங்கால் வரை தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்காத சூடாமணி, இரண்டு பகலும் ஓர் இரவும் சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் புது வடிகாலும் பம்பும் போடப் போகிற தெருக்களின் பட்டியல் வந்தது. அக்கம்பக்கத்துத் தெருக்கள் எல்லாம் இருந்தன. இவர்கள் தெரு இல்லை. போன் செய்து கேட்டால், "விமானத்துல அளந்தாச்சு, உங்க தெரு மேடும்மா, தண்ணி நிக்க வாய்ப்பே இல்ல" என்று பதில். பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்கு மேலிடத்துக்குப் போகிறது.

நந்தனத்தில் இறங்கினார்கள். வடிகால் திட்ட அலுவலக வாசலில் ஷாமியானாக் கடை சர்தார் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். சூடாமணிதான் வரச் சொல்லியிருந்தாள்.

"இன்னா சார், நல்லாக்கீறீங்களா? போட்டோ கேட்டீங்களே மேடம். வீடியோவே கீது."

"இவரை எதுக்குக் கூப்ட்டே?" என்றார் வெங்கடரமணன், மனைவியின் காதருகே.

"நீங்க வாயைத் திறக்கமாட்டேள். அவராவது திறக்கட்டும்."

உள்ளே பொறியாளர் அதீபாவின் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. முப்பது வயதிருக்கும். கணினித் திரையில் நகரத்தின் படம் விரிந்து கிடந்தது. கடற்கரை ஓரம் கரும் நீலம், உள்ளே வர வரப் பச்சை, மேடான இடம் மஞ்சள்.

"இது விமானத்துலேர்ந்து லேசர் விட்டு அளந்தது சார். ஒரு செகண்டுக்கு லட்சக்கணக்குல ஒளி கீழ வரும், பட்டுத் திரும்பும். திரும்ப எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்து உயரம் போட்டுடலாம். பெசன்ட் நகர்லேர்ந்து உங்க பக்கம் வரைக்கும் எடுத்திருக்கோம். கடல் தண்ணி அடையாறு வழியா எவ்வளவு தூரம் ஏறும், மழைத் தண்ணி எங்க தேங்கும், எல்லாம் இதை வெச்சுத்தான். இதோ உங்க தெரு."

பச்சைக்கு நடுவில் ஒரு மஞ்சள் கோடு. பட்டையாக, நேராக.

"பக்கத்துத் தெரு ஆறு மீட்டர். அந்தப் பக்கத்துத் தெருவும் ஆறு. உங்களது ஒன்பது. எங்களுக்கே இது விசித்திரமாத்தான் இருந்துச்சு."

"எங்க தெரு என்ன பரங்கிமலைக்குத் தம்பியா?" என்றாள் சூடாமணி. "அம்மா, நான் சொல்றேன் கேளு. அது தெரு இல்ல. துணி."

"சூடாமணி!"

"துணியா?"

"மூணு நாள் தெரு முழுக்க ஷாமியானா கட்டி மூடியிருந்தோம். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். விமானம் வந்தது அந்த மூணு நாள்ல ஒரு நாள்தான்."

அதீபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏதாவது விசேஷமா சார்?"

"சங்கத்தோட வெள்ளிவிழா" என்றார் வெங்கடரமணன்.

"சங்கம் ஆரம்பிச்சு பத்தொன்பது வருஷம்தான் ஆறது" என்றாள் சூடாமணி. "பாட்டுப் போட்டின்னு போர்டு மாட்டினார். பாட ஒருத்தரும் வரல. மூணு நாளும் நான் சுண்டல் பண்ணினேன். மூணு நாளும் நாங்களே சாப்ட்டோம்."

சர்தார் தன் போனை நீட்டினார். "தண்ணி டேங்க் மேல ஏறி எடுத்தது மேடம். நம்ம கடை விளம்பரத்துக்கு. பாருங்க, ஒரு ஓட்டை கீதா? துணிக்குத் துணி தெச்சே இணைச்சுட்டேன். சார்தான் சொன்னாரு, மேலேர்ந்து பாத்தா ஒரு பொட்டு தெரியக்கூடாதுன்னு. இவ்ளோ பெரிய வேலை நான் இதுவரைக்கும் செஞ்சதேயில்ல."

திரையில் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே, மதிலுக்கு மதில், சிவப்பும் வெள்ளையுமாய் ஒரே விரிப்பு.

அதீபா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "மரமா இருந்தாக்கூட இலைக்கு நடுவுல பூந்து நாலு ஒளியாவது தரையைத் தொட்டுட்டு வரும் சார். இதுல ஒண்ணும் போகல. இருக்கறதுல தாழ்வாத் தெரியற சமதளம் இதுதான், இதுதான் தரைன்னு மெஷின் எடுத்துக்கிச்சு. சரிபாத்தவங்களும் விட்டுட்டாங்க. ஆமா, மேலேர்ந்து எதுக்கு சார் தெரியக்கூடாது?"

வெங்கடரமணன் ஃபைலின் நாடாவை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"சொல்லுங்கோ" என்றாள் சூடாமணி.

"ஆக்கிரமிப்பைப் படம் பிடிக்கத்தான் வரதுன்னு... நினைச்சோம்."

"நினைச்சேன்னு சொல்லுங்கோ. எல்லாராத்து வாசல்லயும் கார் ஏத்தறதுக்குச் சாய்வா சிமென்ட் போட்டிருக்கா அம்மா, தெருவுக்குள்ள மூணடி நாலடி. எங்காத்துது அஞ்சடி. அதுவும் பழைய வடிகாலோட வாய் மேலயே. இவர் ராத்திரி பகலா வீடு வீடாப் போய், புல்டோசர் வரப்போறதுன்னு சொல்லி..."

"நீயும்தான் அன்னிக்குத் தலையாட்டினே!"

"நான் சுண்டலுக்குத் தலையாட்டினேன்!"

சர்தார் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார், அந்த விமானம் தரையோட உயரத்தை அளக்க வந்தது. உங்க வாசலைத் தேடி வரல" என்றாள் அதீபா. குரலில் அலுப்பு இருந்தது, கோபம் இல்லை. "சரி. பட்டியல்ல சேக்க வழி இருக்கு. அன்னைக்குத் தெரு மூடியிருந்துச்சுன்னு செயலாளர் கையெழுத்தோட ஒரு கடிதம். அவர் வீடியோவை இணைச்சுடறேன். நாளைக்கே எங்க ஆளுங்க கருவியோட வந்து தரையில நின்னு அளப்பாங்க."

"இவ்வளவுதானே?" வெங்கடரமணன் பேனாவைத் திறந்துவிட்டார்.

"இன்னும் ஒண்ணு. துணிக்குக் கீழ எந்த வாசல்ல என்ன கட்டியிருந்துச்சுன்னு கதவு எண் போட்டு எழுதணும். எது தரை, எது கட்டினதுன்னு தெரியாம அளந்தா மறுபடி தப்பாயிடும்."

"அப்போ அதையெல்லாம் இடிப்பேளா?"

"வடிகால் போற வழியில இருக்கறதை இடிச்சுத்தான் ஆகணும் சார்."

"விழான்னு மட்டும் எழுதிக் குடுத்தா?"

"மேல அனுப்பினா ஒரே கேள்வியில திரும்பி வந்துடும். அஞ்சு மணி ஞாபகம் இருக்கட்டும்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொல்லி, வீடியோவை அனுப்பிவிட்டு சர்தார் கிளம்பினார். போகிற போக்கில், "அடுத்த தபா வெள்ளிவிழான்னா நெசமாவே பாட ஆள் கூட்டினு வரேன் சார்" என்றார்.

வெங்கடரமணன் காகிதத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு வெறித்தார்.

"இருபத்திரண்டு ஆத்துக்காராளும் என்னைச் சும்மா விடமாட்டா."

"மழை வந்தா தண்ணி மட்டும் சும்மா விடுமா?"

"அந்தச் சிமென்டை நானே நின்னு போட்டேன். மேஸ்திரிக்குக் காபி நீதான் குடுத்தே."

"குடுத்தேன். அதுக்காக இன்னொரு வருஷம் மேஜை மேல உக்கார முடியாது. எனக்கு அறுபத்தெட்டு வயசாறது. பாத்ரூம் போக உங்க தோளைப் பிடிச்சுண்டு அந்தத் தண்ணியில இறங்கினேனே, மறந்துடுத்தா? எழுதுங்கோ."

"காரை எங்க விடறது?"

"அந்தக் காரை நீங்க எடுத்தே நாலு மாசமாறது. அதுவே தண்ணியில முங்கி நாறித்து. எழுதுங்கோன்னா."

எழுதத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு ஒரு வேகத்தோடு. வங்கியில் இருந்த நாளிலிருந்தே அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எண் மூன்று, சாய்தளம் மூன்றடி. எண் ஐந்து, சாய்தளமும் செருப்பு அலமாரியும். அடுத்த வீட்டு ஜெனரேட்டர் மேடையை எழுதும்போது அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது. "இவன்தான் போன பொதுக்குழுவுல என்னைக் கேள்வி கேட்டான்" என்று முணுமுணுத்தார். எதிர் வரிசையின் இரட்டைப்படை எண்களையும் விடவில்லை. யார் வாசலில் எத்தனை அடி என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

கீழே தேதி போட்டார். கையெழுத்து போட்டார். ஃபைலிலிருந்து சங்க முத்திரையை எடுத்து ஊதி, இரண்டு தடவை அழுத்திக் குத்தினார்.

"ஆச்சு. மணி நாலுதான். வா, கொடுத்துட்டுப் போலாம்."

"கொண்டாங்கோ, ஒரு தடவை பாத்துடறேன்."

"அதான் பாத்துப் பாத்து எழுதியிருக்கேனே."

சூடாமணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். பாதியில் விரல் நின்றது. மேலே போனது, மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"ஏன்னா, ஒன்பதாம் நம்பருக்கு அப்புறம் நேரா பதிமூணு வந்துடறதே, நடுவுல நம்மாத்து அஞ்சடியை யார் எழுதுவா?"