எந்தக் கன்னம்?

சோபாவின் கைப்பிடி மேல் ரெக்ஸினை இழுத்துப் பிடித்திருந்தார் மேஸ்திரி. இடது கன்னத்தில் ஒரு பிடி குட்டி ஆணி. நாக்கால் ஒன்றை உதட்டுக்குத் தள்ளினார். காந்தச் சுத்தியலின் முனையை உதட்டில் வைத்து அதை ஒட்டவைத்து எடுத்தார். ஒரே தட்டு. அதற்குள் அடுத்த ஆணி உதட்டுக்கு வந்திருந்தது.

"தங்கச்சி, பாத்துக்கோ. உன்னைவிட அந்தச் சுத்தியலுக்குத்தான் முத்தம் ஜாஸ்தி" என்றார் மரச்சட்டம் அடிப்பவர். பட்டறையில் அவருக்கு ரம்பம் என்று பெயர். மரத்தை அறுப்பதால் வந்ததா, ஆளை அறுப்பதால் வந்ததா என்று கேட்டால், "ரெண்டுக்கும் சேத்து ஒரே கூலிதாம்பா" என்பார்.

மேஸ்திரியின் மனைவி மூலையில் மிஷினில் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். காலை நிறுத்தாமலே சொன்னாள்: "அதையே கூட்டிட்டுப் போய்க் குடும்பம் நடத்தச் சொல்லுங்கண்ணே. எனக்குச் சமையல் மிச்சம்."

மேஸ்திரி வாயை முழுக்கத் திறந்து சிரித்தார். ஆணிகள் தரையெங்கும் சிதறின. அவளுடைய தம்பி சுருட்டை சோபாவுக்கு அடியில் தவழ்ந்து அவற்றைப் பொறுக்கினான். "மாமா, சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. துண்டு விரிச்சுடறேன்."

மேஸ்திரி வாசலுக்குப் போய்த் துப்பினார். எச்சிலில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. "ஆணி குத்திடுச்சு" என்றார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் மட்டும், "உப்புத்தண்ணி விட்டுக் கொப்பளிங்க" என்றாள்.

அவர் வாய் திறந்து சிரித்ததை அவள் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அந்தப் புண் ஆறவில்லை. ஒரு பெரிய ஓட்டலுக்கு நாற்காலிகள் போய்க்கொண்டிருந்த நேரம். மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கும் ஆகும், ஐந்து மணிக்கும் ஆகும். அதுவரை பசி தெரியாமல் இருக்கப் புகையிலையை அடக்கிக்கொள்வார்கள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கினார். அது தீர்ந்ததும் இன்னொன்று வாங்கினார். வாய் மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது, பிறகு இரண்டு விரல் அளவுக்கு. சோற்றை உருட்டி உள்ளே வைக்க முடியாமல் விரலால் தள்ள ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயது. முதலில் வாயைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"எப்போலேருந்து?"

"ஆணி குத்தினது டாக்டர். நாங்க வாயில ஆணி வெச்சு வேலை செய்யறவங்க."

"எந்தக் கன்னத்துல வைப்பீங்க?"

மேஸ்திரி இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். டாக்டரின் டார்ச் வெளிச்சம் வலது கன்னத்துக்குள் விழுந்திருந்தது.

"இந்தப் பக்கம் என்ன வைப்பீங்க?"

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அத்தனை மாதமும் உப்புத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவள் அவள்தான். வருடக்கணக்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கவர் தைத்தவளும் அவள்தான். அன்றுவரை இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதில்லை.

கன்னத்தில் பாதியை எடுத்தார்கள். கழுத்துக் கட்டிகளையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு கதிர்வீச்சு. கரண்ட் வைப்பது என்றுதான் வரிசையில் நின்றவர்கள் அதைச் சொன்னார்கள். பாதி முடிந்தபோது வாயெல்லாம் வெந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் பட்டறை முதலாளி, "மேற்பார்வை மட்டும் பாரு மேஸ்திரி, லாரி வந்துடும்" என்று ஆள் அனுப்பினார். அவர் பட்டறைக்குப் போனார். இரண்டு வாரம் கரண்ட் நின்றது. மறுபடி போனபோது டாக்டர் திட்டினார், பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் மேஸ்திரி போய்விட்டார்.

கடைசிக் காகிதங்களை வாங்கப் போன அன்று அவள் கேட்டாள். "எங்க தப்பு நடந்துச்சு டாக்டர்?"

டாக்டர் காகிதங்களை மேஜைமேல் வைத்தார். "வந்த நாள்தாம்மா பாதி வைத்தியம்" என்றார். "இத்துனூண்டு இருக்கறப்போ வந்திருக்கணும். கழுத்துக்கு எறங்கறதுக்கு முன்னாடி. மீதிப் பாதி, ஆரம்பிச்ச வைத்தியத்தை நடுவுல விடாம இருக்கறது, ஒடம்பு கரையாம சாப்பாடு எறங்கறது, அந்தக் கருமத்தை மறுபடி தொடாம இருக்கறது. இவ்வளவும் செஞ்சும் சில பேர் போயிடறாங்க. ஆனா செஞ்சவங்கள்ல நெறைய பேர் என்கிட்ட வருஷா வருஷம் வந்து வாயைத் திறந்து காட்டிட்டுப் போறாங்க."

ஒரு நாற்காலிக்கு அளவெடுத்தால் தைத்து முடியும்வரை மறக்காத தலை அவளுடையது. இதுவும் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தது.

மேஸ்திரியின் சுத்தியல் சுருட்டைக்கு வந்தது. இடது கன்னத்தில் ஆணி, வலது கன்னத்தில் புகையிலை. இரண்டையும் அவன் மாமாவைப் பார்த்துப் பழகியிருந்தான். "விட்டுட்டேன்க்கா" என்பான். "அப்போ கன்னத்துல என்னடா வீக்கம், கல்யாணக் களையா?" என்பாள். ரம்பம் சிரிப்பார். அவன் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவான். சாயங்காலம் கன்னம் மறுபடி உப்பியிருக்கும்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் அவன் காரத்தை ஒதுக்கிவிட்டு, சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து ஒரே பக்கமாக மென்றான்.

"வாயில என்ன?"

"ஆணி குத்திடுச்சுக்கா."

அவள் கையிலிருந்த சோறு கிண்ணத்துக்குத் திரும்பியது. "எந்தக் கன்னம்?"

அவன் கை கழுவப் போய்விட்டான். சாயங்காலம் கேட்டபோது, "இந்த ஆர்டர் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றான். வீட்டில் கேட்டபோது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் மிஷினின் பெல்ட்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டங்கள் தயாராக இருந்தன. பஞ்சு ஒட்டியாகிவிட்டது. சுருட்டை வாயில் ஆணியும் கையில் சுத்தியலுமாக நின்றான். அடிப்பதற்குக் கவர் இல்லை.

முதலாளி வந்தார். "என்னம்மா, மிஷின் ரிப்பேரா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. இவன் வாய்தான் ரிப்பேர். ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினான்னா பெல்ட் மாட்டிடுவேன்."

"நாளைக்கு லாரி வருதும்மா."

"போன தடவையும் லாரி சரியாத்தான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர்தான் வரல."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுருட்டை ஆணிகளை உள்ளங்கையில் துப்பினான். "அக்கா, எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே."

"மானம் போனா நாளைக்குச் சம்பாதிச்சுக்கலாம்டா. வாசல்ல வெளிச்சத்துக்கு வா. வாயைத் திற."

ரம்பம் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார். "எனக்கும் கை வலிக்குது முதலாளி" என்றார். அவர் இத்தனை சுருக்கமாகப் பேசி அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை. பஞ்சு ஒட்டுகிறவரும் பசை டப்பாவை மூடினார்.

சுருட்டை வாசலுக்கு வந்தான். அவள் போனிலிருந்த விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பின்னால் ரம்பம் எட்டிப் பார்த்தார், முதலாளியும் எட்டிப் பார்த்தார். வெள்ளையாக ஒரு தடம், அதன் நடுவில் பருப்பளவு சிவப்பு.

"வலது" என்றாள்.

அதே டாக்டர்தான் இருந்தார். சுருட்டையின் கழுத்தை ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் தட்டுப்படல" என்றார் டாக்டர். அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளி உட்காரவேண்டிய ஸ்டூல் அது. சுருட்டை நின்றுகொண்டே மீதிச் சோதனைக்கு வாயைக் காட்டினான்.

சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் அதுதான் என்று வந்தது. ஆனால் சின்னது. சுற்றி நல்ல சதையையும் ஓர் ஓரம் சேர்த்து எடுக்கவேண்டும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.

"தையலுக்குத் துணி விடற மாதிரியா?"

"அதேதான். ஓரம் கொறைஞ்சா பிரிஞ்சுக்கும்."

எடுத்தார்கள். ஓர் ஓரம் மட்டும் நினைத்ததைவிட மெலிசாக இருந்ததால் கரண்டும் வைக்கச் சொன்னார்கள். சுருட்டையின் வாயும் வெந்தது. அவனும் ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "போதும்க்கா" என்றான். ரம்பம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கல்யாணக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பெண் பார்க்கப் போன பகுதி முடிவதற்குள் சுருட்டை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். பஸ் ஓடாத ஒருநாள், டெலிவரி வண்டியில் இரண்டு சோபாக்களுக்கு நடுவே உட்கார்ந்து போனான். சிக்னலில் பார்த்தவர்களுக்கு ராஜா ஊர்வலம் போவதுபோல இருந்ததாம். எல்லாவற்றையும் மசித்து, துணியில் வடிகட்டி, அவள் டம்ளரில் கொடுத்தாள். கரண்டை ஒருநாளும் விடவில்லை. புகையிலையை விட்ட மாதத்தில் அவன் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தான். பட்டறையில் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவன் ஆணியை வாயில் வைப்பதில்லை. மணிக்கட்டில் கட்டிய ஒரு காந்தப் பட்டையில் ஒட்டவைத்து எடுக்கிறான். முன்பைவிடத் தாமதம்தான். மாதத்தில் ஒருநாள் வேலை ஆரம்பிப்பதற்கு முன், அவள் வாசல் வெளிச்சத்தில் நின்று ஒவ்வொருவர் வாயாகப் பார்க்கிறாள். "பல்லை எண்ணி வெச்சுக்கோ தங்கச்சி, அப்புறம் கொறைஞ்சா நான் பொறுப்பில்ல" என்பார் ரம்பம். அவருக்கு முன்பல் இரண்டும் இல்லை.

ஐந்தாவது வருடப் பரிசோதனைக்கு அக்காவும் தம்பியும் போனார்கள். டாக்டரின் தலையில் இரண்டொரு நரை தெரிந்தது. சுருட்டை வாயைத் திறந்தான். அவர் தன் மூன்று விரல்களைச் சேர்த்துப் பற்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். தாராளமாகப் போயின.

"இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

"அதுவரைக்கும் எங்களை மறந்துடுவீங்களே டாக்டர்" என்றான்.

"உன்னை மறந்தாலும் உங்க அக்காவை மறக்க முடியுமா? என் ஸ்டூலைப் புடுங்கிட்டவங்க."

அவன் சிரித்தான். வாய் ஒரு பக்கம் கோணியது. அவள் அந்தச் சிரிப்பை முடியும்வரை பார்த்தாள்.

வெளியே வரும்போது காவலாளி ஒருவர் உள்ளே போனார். சீருடையைக் கழற்றாமலே வந்திருந்தார், தொப்பி அக்குளில் இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது உள்ளே பேசுவது கேட்டது.

"எப்போலேருந்து?"

"ஆறேழு மாசம் இருக்கும் மேடம். பல்லு குத்துதுன்னு நெனச்சேன்."

"ஏன் இத்தனை நாள் வரல?"

"காலையில மாத்தி நிக்க ஆள் கெடைக்கல மேடம்."

கதவுக்கு மேலே நீலப் பலகை. வாய் நோய்ப் பிரிவு, வேலை நாட்களில் மட்டும், காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை. மேஸ்திரியை அவள் கூட்டிவந்த முதல் நாளும் அதில் அந்த நேரம்தான் எழுதியிருந்தது.