ஆறாம் விரல்

சிம்பாங் ரெங்கத்தில் சேவல்கள் எங்கள் பேனர் கடையைக் கேட்டுத்தான் கூவும். விடியுமுன்பே அச்சு இயந்திரம் அலறும்; அதன் மைநாற்றத்தில் நெடுஞ்சாலை லாரிகளே தும்மும். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற நான் அங்கே பேனர் மடிக்கிறேன். தைப்பூசத்துக்கு நாங்கள் அடிக்கும் முருகன்களை விரித்தால் ஜொகூர் மாநிலம் முழுக்க நிழல் விழும்.

அத்தனையையும் கணினியில் வரைபவள் ஷர்மினி. மணிக்கட்டில் கட்டு, கட்டை மீறித் தைல வாடை. பாலமுருகனோ கண்ணனோ, அவள் வரையும் குழந்தைக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும். ஊஞ்சலிலிருந்து விழுந்த அவள் மகள் சாந்தினியின் தழும்பு. பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. தழும்பு சாமிகளிடம் தங்கிவிட்டது.

அன்று காலை முதலாளி ரூபேந்திரன் திரையில் ஒரு பால்மாவு விளம்பரத்தைத் திறந்தார்.

"ஏஐ போட்ட படம். நம்ம பழைய படத்தையெல்லாம் அதுக்கு ஊட்டிவிட்டேன், கத்துக்கிச்சு. இனி நீ வரைய வேணாம்லா, திருத்தினா போதும். திருத்துற வேலைக்குப் பாதிச் சம்பளம்."

டப்பாவை அணைத்துச் சிரித்த குழந்தையின் இடது புருவத்தில் தழும்பு.

"அங்கிள், கையப் பாருங்க," என்றாள் ஷர்மினி என்னிடம். "எம்புள்ளைக்கு ஆறு விரல் போட்டிருக்கு."

திருத்த வேண்டியது அதைத்தான். கணினிப் பேனாவை எடுத்தாள். மகளின் விரலை அழிக்கக் கை இறங்கவில்லை. லாரியில் மலையையே ஏற்றிப்போனவன் நான். அந்தப் பேனாவை என்னாலும் தூக்கியிருக்க முடியாது.

"எம்புள்ள முகத்த யாரக் கேட்டுக் கொடுத்தீங்க பாஸ்?"

"சம்பளம் கொடுத்தேன்ல? கடைப் படம் கடைக்குத்தான்."

"சம்பளம் முருகனுக்குக் கொடுத்தீங்க. தழும்பு என்னோடது."

"மத்தியானத்துக்குள்ள எல்லாரும் உங்ககிட்ட இருக்கிற ஒரிஜினல் படத்தையும் கொடுங்க. இன்னும் நல்லாக் கத்துக்கும்." அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பக்கத்து மேசை மனோகரன் மெல்லச் சொன்னான். "அக்கா, ஒரு சாஃப்ட்வேர் பூச்சு இருக்கு. படத்துமேல போட்டா நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஏஐக்குத் தலை சுத்தும், கத்துக்க முடியாது. என் படத்துக்கெல்லாம் அதத்தான் போடுறேன்."

"போனது திரும்புமா?"

"போனது போனதுதான்க்கா. மிச்சத்தக் காப்பாத்தலாம்."

கடைக் கணினிகள் என்னைவிடக் கிழடு. ஒரு படத்தில் பூச்சு ஏற ஒரு யுகம் ஆகும். அவள் படங்களுக்கு ஒரு கணினி போதவில்லை. மனோகரன் தன் வேலையை மூடி இடம் கொடுத்தான். வடிவமைப்பாளர் அல்ஃபியாவும் தன் வேலையை மூடினாள். அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஜீவனும் வந்தான். அந்த அமைதியில் குழம்பிப்போன சேவலொன்று மறுபடியும் கூவியது.

திரும்பி வந்த முதலாளி வாசலிலேயே நின்றார். "அலமாக். வேலை எங்க?"

"கம்ப்யூட்டர் செய்யுது பாஸ்," என்றாள் அல்ஃபியா. "நாங்கதான் சும்மா இருக்கோம்."

"ஒரிஜினல் எங்க?"

"பூச்சு போட்டதுதான் கிடைக்கும்," என்றான் மனோகரன்.

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"மடிக்கிறவனையும் சேத்துக்குங்க," என்றேன்.

திரையில் பச்சைக் கோடு நத்தையாய் ஊர்ந்தது. பால்மாவுக் குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. ஷர்மினி அழுதுகொண்டிருந்தாள். அவள் நாற்காலி முதுகில் மனோகரன் கை, அல்ஃபியா கை, ஜீவன் கை, என் கை. எண்ணிப் பார்த்தேன். கைக்கு ஐந்தே விரல்கள்.